இரண்டாவது பேரேடு: ஸ்டாண்ட்பை டேட்டாபேஸ் பிறந்த கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியபோது அங்கே வந்தவை லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் பட்டறைகள். அதற்கும் முன்பே, 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அந்த ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. பக்கத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. இரும்பு வெட்டும் சத்தம் இன்றும் பேட்டையை விட்டுப் போகவில்லை. ஆனால் சில ஆண்டுகளாக அதே தெருக்களில் வேறு மாதிரியான கட்டடங்கள் எழுகின்றன. ஜன்னல் இல்லாத உயரமான சுவர்கள், வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள், மொட்டை மாடியில் குளிரூட்டும் எந்திரங்கள். என்.டி.டி. நிறுவனம் 2023 ஏப்ரலில் இங்கே ஒரு டேட்டா சென்டர் வளாகத்தைத் திறந்தது. எஸ்.டி.டி., கன்ட்ரோல்எஸ் போன்றவையும் அம்பத்தூரைத் தேடி வந்தன.

இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இரவும் பகலும் ஓடும் சர்வர்களில் ஒரு வகை உண்டு. வருடம் முழுக்க ஓடும். ஆனால் எந்த வாடிக்கையாளருக்கும் நேரடியாகப் பதில் சொல்லாது. எங்கோ மும்பையிலோ ஐதராபாத்திலோ இருக்கும் இன்னொரு டேட்டாபேஸில் ஒரு வரி மாறினால், அந்த மாற்றத்தைத் தானும் செய்துகொள்ளும். அந்த இன்னொன்று ஒரு நாள் விழுந்தால் அதன் இடத்தில் எழுந்து நிற்பதற்காகவே அது இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் முதலாவதை பிரைமரி என்பார்கள், இதை ஸ்டாண்ட்பை என்பார்கள். இரண்டும் திட்டமிட்டு இடம் மாறிக்கொள்வது ஸ்விட்ச்ஓவர்.

ஸ்டாண்ட்பையைப் பலரும் ‘காப்பி’ என்றே நினைக்கிறார்கள். அதன் பிறப்பைத் தேடிப்போனால் நகலெடுக்கும் கலையில் போய் முடியாது. மின்சாரம் போய்ப் பாதியில் விழுந்த ஒரு டேட்டாபேஸை எப்படிச் சரியாக எழுப்புவது என்ற கேள்வியில் போய் நிற்கும். அந்தக் கேள்விக்கு உலகம் இன்றும் நம்பியிருக்கும் பதிலை வகுத்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் படித்த ஒரு தமிழர்.

லாரியில் போன டேப்

1970-களில் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தன் கணினிக்கு ஆபத்து வந்தால் என்ன செய்யும்? இரவு வேலை முடிந்ததும் டேட்டாபேஸ் முழுவதையும் காந்த நாடாவில் எழுதும். அந்த டேப் சுருள்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்பும். ஐ.பி.எம். பெருங்கணினிகளில் வேலை செய்தவர்கள் இதற்கு ‘பிக்அப் டிரக் முறை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பல நிறுவனங்கள் சந்தா கட்டி ஆபத்துக் காலத்தில் பயன்படுத்திக்கொள்ளும் தயார்நிலைக் கணினிக்கூடம் ஒன்று வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. டேப் நேற்றிரவு எழுதியது. இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டடம் எரிந்தால், காலையிலிருந்து நடந்த வரவு செலவு அத்தனையும் போய்விடும். அடுத்தது நேரம். டேப்பை ஏற்றி, டேட்டாபேஸை எழுப்பி, தொலைபேசி இணைப்புகளைத் திருப்பிவிட ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். எவ்வளவு தரவு போகும், எவ்வளவு நேரம் போகும் என்ற இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இன்றும் ஒரு ஸ்டாண்ட்பையை அளக்கிறார்கள்.

சிட்டையும் பேரேடும்

மண்டியில் கணக்கு எழுதிய பழைய கணக்குப்பிள்ளைகளின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சரக்கு வந்ததும் போனதும் நடந்த வரிசையிலேயே முதலில் சிட்டையில் ஏறும். பிறகு நிதானமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் பதிவார்கள். பேரேடு நனைந்து அழிந்தாலும் பழைய பேரேடு ஒன்றும் சிட்டையும் இருந்தால் போதும், முழுக் கணக்கையும் மறுபடி எழுதிவிடலாம். சிட்டையில் ஏறாமல் பேரேட்டில் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

டேட்டாபேஸும் இதே சட்டத்தில்தான் நிற்கிறது. ஒரு மாற்றம் நடக்கும்போது அது முதலில் லாக் என்ற கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்கிறது. அந்த லாக் வட்டில் பத்திரமாக இறங்கியபின்தான் ‘கமிட் ஆகிவிட்டது’, அதாவது மாற்றம் உறுதியாகிவிட்டது, என்ற பதில் வாடிக்கையாளருக்குப் போகும். உண்மையான தரவுப் பக்கங்கள் நினைவகத்தில் மாறி, பிறகு சாவகாசமாக வட்டுக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழும்போது லாக்கைப் படித்து விட்டுப்போனதைச் செய்துகொள்ளும். 1970-களில் ஐ.பி.எம்.மின் சான்ஹோசே ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸ், அதில் பணியாற்றிய ஜிம் கிரே எழுதிய குறிப்புகள் ஆகியவற்றில் இந்தச் சிந்தனை தெளிவாகத் தெரியும்.

தெளிவாகத் தெரிந்தாலும் சிக்கல் தீரவில்லை. டேட்டாபேஸ் விழும் நொடியில் ஆயிரம் பரிவர்த்தனைகள் ஓடிக்கொண்டிருக்கும். சில கமிட் ஆகியிருக்கும், சில பாதியில் நிற்கும். வட்டில் உள்ள பக்கங்களில் சில புதியவை, சில பழையவை, சிலவற்றில் முடியாத பரிவர்த்தனையின் மாற்றமும் கலந்திருக்கும். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது? எழும் வேலை நடக்கும்போதே மறுபடி விழுந்தால் என்ன செய்வது?

கிண்டியிலிருந்து சான்ஹோசே

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி வந்து இறங்கியது. மேற்கு ஜெர்மனி கொடுத்த அந்த எந்திரம் ஒரு தலைமுறை மாணவர்களின் திசையை மாற்றியது. அவர்களில் ஒருவர் சந்திரசேகரன் மோகன். படித்தது வேதிப் பொறியியல், ஈர்த்தது கணினி. 1977-ல் பி.டெக். முடித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1981-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டின் முடிவில் சான்ஹோசேயில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்தார்.

மோகனும் டான் ஹாடர்லி, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிராஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோரும் சேர்ந்து உருவாக்கிய முறைக்கு ‘ஏரீஸ்’ என்று பெயர். 1989-ல் ஐ.பி.எம். ஆய்வறிக்கையாக வெளிவந்து, 1992 மார்ச்சில் ஏ.சி.எம். ஆய்விதழில் அச்சானது. தரவுத்தள உலகில் பாடமாகவே ஆகிவிட்ட கட்டுரை அது.

ஏரீஸின் உயிரான இரண்டு யோசனைகளை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, எண். லாக்கில் சேரும் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் உண்டு, எல்.எஸ்.என். என்பார்கள். தரவின் ஒவ்வொரு பக்கமும், தன்மேல் கடைசியாகப் பதிந்த மாற்றத்தின் எண்ணைத் தன் தலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. லாக்கில் 500-ஆம் பதிவைப் படிக்கும்போது பக்கத்தின் தலையில் 480 இருந்தால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். 500-ஓ அதற்கு மேலோ இருந்தால் ஏற்கெனவே செய்தாயிற்று, விட்டுவிடலாம். எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் ஒரு மாற்றம் இரண்டு முறை பதியாது.

அடுத்தது, நடந்ததை நடந்தபடியே மறுபடி நடத்துவது. எழும்போது வெற்றி பெற்ற பரிவர்த்தனைகளை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதில்லை. முடியாமல் நின்றவற்றின் மாற்றங்கள் உட்பட எல்லாவற்றையும் லாக் வரிசையிலேயே செய்து, டேட்டாபேஸை விழுந்த அந்த நொடிக்கே கொண்டுவந்து நிறுத்தும். அதற்குப் பிறகுதான் முடியாதவற்றை நீக்கும். நீக்கியதையும் லாக்கில் எழுதும். கேட்டால் வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நிலையிலிருந்து தொடங்குவதால் மற்ற எல்லாம் எளிதாகிவிடுகிறது.

ஸ்டாண்ட்பையின் கரு இதற்குள்ளேயே இருந்தது. பழைய பிரதி ஒன்றும் லாக்கும் இருந்தால், விழுந்த நொடி வரை எழுப்பிவிடலாம். அந்தப் பிரதி இதே எந்திரத்தில்தான் இருக்க வேண்டுமா? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்து, லாக்கை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால்? அங்கே இருக்கும் டேட்டாபேஸ் ‘விழுந்து எழும்’ வேலையை முடிக்காமல் நாள்தோறும் செய்துகொண்டே இருக்கும். இன்றும் ஒரு ஸ்டாண்ட்பை செய்வது இதைத்தான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் ஸ்டாண்ட்பையின் நிலையை ‘ரிக்கவரியில் இருக்கிறேன்’ என்றே சொல்லும்.

வியன்னாவில் வாசித்த கட்டுரை

இந்தத் திசையில் பலர் நடந்தார்கள். டாண்டம் நிறுவனம் 1980-களில் தன் கணினிகளுக்குத் தொலைதூர இணை டேட்டாபேஸ் வசதி ஒன்றைக் கொடுத்தது. ஆய்வாளர் ஹெக்டர் கார்சியா மொலினாவும் அவருடைய குழுவினரும் அதே காலத்தில் அடிப்படைக் கேள்விகளை ஆராய்ந்தார்கள். 1993 ஏப்ரலில் வியன்னாவில் நடந்த தரவுப் பொறியியல் மாநாட்டில் மோகன், கென்ட் டிரைபர், ரான் ஓபர்மார்க் மூவரும் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். பேரழிவில் பிரைமரி முழுக்க அழிந்தாலும் காப்பாற்றுவதற்காகத் தொலைவில் ஒரு டேட்டாபேஸை எப்படிப் பராமரிப்பது என்பதே அதன் பொருள்.

டேட்டாபேஸைப் பராமரிக்கும் இன்றைய டி.பி.ஏ. ஒருவர் அதைப் படித்தால் தன் அன்றாட வேலையையே படிப்பதாக உணர்வார். வந்து குவியும் லாக்கை ஒரே வரிசையில் பதிந்தால் ஸ்டாண்ட்பை பின்தங்கும். எனவே பக்கவாரியாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல கைகள் பதிய வேண்டும். ஸ்டாண்ட்பையே விழுந்தால் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க, அது தன் நிலையை அவ்வப்போது குறித்து வைக்க வேண்டும். பொறுப்பேற்கும் வேலை முழுக்க முடியும்வரை வாடிக்கையாளர்களை நிறுத்தி வைக்கக் கூடாது. புதிய பரிவர்த்தனைகளை அதற்குள்ளேயே ஏற்கத் தொடங்க வேண்டும். 1993-ல் இவற்றை ஒரு மாதிரி வடிவத்தில் ஓட்டி, அளந்தும் பார்த்திருந்தார்கள்.

மோகனுக்கு 1997-ல் ஐ.பி.எம். ஃபெலோ என்ற உயர்நிலை கிடைத்தது. ஏரீஸின் பரந்த தாக்கத்துக்காக 1999-ல் வி.எல்.டி.பி. என்ற தரவுத்தள மாநாட்டின் பத்தாண்டுச் சிறந்த கட்டுரை விருது. சினிமாவிலும் அரசியலிலும் ஒருவர் சாதித்தால் தெருவுக்குப் பெயர் வைக்கிறோம். வங்கிக் கணக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் இந்தச் சிந்தனையை வகுத்தவரின் பெயர் நம் பள்ளிப் பாடத்திலாவது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்கிரிப்ட்டிலிருந்து தானியங்கிக்கு

கடையில் வாங்கும் பொருளாக ஸ்டாண்ட்பை மெதுவாகத்தான் வந்தது. 1996-ல் ஆரக்கிள் டேட்டாபேஸின் 7.3 பதிப்பு ஸ்டாண்ட்பையை அனுமதித்தது. ஆனால் லாக் கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது டி.பி.ஏ.வின் பொறுப்பு. இரவு நேரங்களில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளை அவரவரே எழுதிக்கொண்டார்கள். 1999-ல் 8ஐ வந்தபோது லாக் தானாகப் போய்த் தானாகப் பதிந்தது. ஸ்டாண்ட்பையைத் திறந்து படிக்கவும் முடிந்தது. 2001-ல் வந்த 9ஐ இதற்கு ‘டேட்டா கார்ட்’ என்று பெயரிட்டு, ஸ்விட்ச்ஓவரையும் கொடுத்தது.

காசில்லாமல் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. 2001-ல் முன்கூட்டியே எழுதும் லாக், 2005-ல் வேண்டிய நொடிக்கு மீட்கும் வசதி, 2010 செப்டம்பரில் வந்த 9.0 பதிப்பில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன். அதற்கு முன்பு லாக் 16 மெகாபைட் கோப்பாக நிறைந்த பிறகே ஸ்டாண்ட்பைக்குப் போகும். வேலை குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் கோப்பு நிறைய ஒரு மணி நேரம் ஆனால், ஸ்டாண்ட்பையும் ஒரு மணி நேரம் பின்னால் நிற்கும். ஸ்ட்ரீமிங் வந்ததும் ஒவ்வொரு பதிவும் எழுந்த கணத்திலேயே கம்பியில் ஏறியது. பின்தங்கல் வினாடிக்கும் கீழே இறங்கியது. ஏரீஸை முழுக்கப் பின்பற்றாத போஸ்ட்கிரெஸிலும் அந்த எண் பழக்கம் இருக்கிறது: 8 கிலோபைட் பக்கம் ஒவ்வொன்றின் முதல் 8 பைட்டும் எல்.எஸ்.என்.தான்.

ஒரு சிறு ஏற்றுமதி நிறுவனமோ மருத்துவமனையோ இரண்டு சாதாரண சர்வர்களை வைத்துக்கொண்டு, முன்பு பெரிய வங்கிகளுக்கு மட்டுமே கிடைத்த பாதுகாப்பைப் பெறும் காலம் இப்படித்தான் பிறந்தது.

இடம் மாறும் நிமிடங்கள்

ஸ்டாண்ட்பையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்விட்ச்ஓவர். தொடக்க காலத்தில் ஸ்டாண்ட்பை ஒருவழிப் பாதை. அதைத் திறந்துவிட்டால் பழைய பிரைமரியோடு உறவு முறிந்துவிடும். ஜோடியை மறுபடி அமைக்க முழுப் பிரதியும் எடுக்க வேண்டும். அதனால் யாரும் தேவையில்லாமல் தொடமாட்டார்கள். தொடாததால் அது வேலை செய்யுமா என்றும் யாருக்கும் தெரியாது. இடம் மாறி, மறுபடி பழையபடியே மாறவும் முடிந்தபோதுதான் ஒத்திகை பார்க்க வழி பிறந்தது.

அதன் நுட்பம் மிகச் சிறியது. சனிக்கிழமை நள்ளிரவு போஸ்ட்கிரெஸில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் செயலிகளை நிறுத்துகிறார்கள். பிரைமரி டேட்டாபேஸை ஒழுங்காக மூடுகிறார்கள். மூடும்போது அது லாக்கின் கடைசியில் ‘இத்தோடு முடிந்தது’ என்ற பதிவை எழுதி, அதுவும் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கிறது. டி.பி.ஏ. இரண்டு பக்கமும் அந்தப் பதிவின் எல்.எஸ்.என். எண்ணை எடுத்து ஒப்பிடுகிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்டும் தவறவில்லை என்று பொருள். ஆரக்கிளிலும் இதே போலக் கடைசி லாக்கின் தலையில் முடிவுக்குறி ஒன்று விழும்.

எண் ஒத்துப்போனதும் ஸ்டாண்ட்பையை உயர்த்துகிறார்கள். அது ரிக்கவரியிலிருந்து வெளியே வந்து, புதிய காலக்கோடு ஒன்றைத் தொடங்குகிறது. ஒன்றாம் காலக்கோட்டில் இருந்த லாக் இனி இரண்டாம் காலக்கோட்டில் நீளும்; யார் எந்தப் புள்ளியில் பிரிந்தார்கள் என்பது பதிவாகிவிடும். பழைய பிரைமரியில் ‘நீ இனி ஸ்டாண்ட்பை’ என்று சொல்லும் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, புதியவரின் முகவரியைக் கொடுத்து எழுப்பினால், அது பணிவாகப் பின்தொடரத் தொடங்கும். எல்லாம் சரியாக அமைந்தால் டேட்டாபேஸின் பங்கு சில நிமிடங்களில் முடியும்.

நேரத்தைத் தின்பவை மற்றவை. செயலி ஒன்றில் பழைய ஐ.பி. முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். புதிய பக்கத்தில் ஃபயர்வால் விதி திறந்திருக்காது. மாதக் கடைசியில் ஓடும் கிரான் ஜாப் பழைய சர்வரிலேயே கிடக்கும். டேட்டாபேஸுக்கு வெளியே கோப்புகளாக இருந்த பில் படங்கள் ரெப்ளிகேஷனில் வந்திருக்காது. இவற்றில் எதையும் ஆவணம் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. இடம் மாறிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்விட்ச்ஓவர் அதற்காகவே பிறந்தது.

திட்டமிடாமல் நடப்பது ஃபெயில்ஓவர். அங்கே கடினமான கேள்வி, எதிர்ப்பக்கம் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பது. 2018 அக்டோபர் 21-ல் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்துக்கான இணைப்பு 43 வினாடி அறுந்தது. தானியங்கிக் கருவி மேற்குக் கரையிலிருந்த டேட்டாபேஸை உயர்த்திவிட்டது. இணைப்பு திரும்பியபோது, கிழக்கில் ஏறிய சில பதிவுகள் மேற்கில் இல்லை. மேற்கில் ஏறிய புதியவை கிழக்கில் இல்லை. தரவைக் காப்பதே முக்கியம் என்று முடிவெடுத்துச் சரிசெய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. உயர்த்துவதற்கு முன்பு பழைய பிரைமரியை உறுதியாக முடக்கிவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

தூரம் கேட்கும் விலை

ஸ்டாண்ட்பையை எங்கே வைப்பது? பக்கத்தில் வைத்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். தூரத்தில் வைத்தால் ஒளியின் வேகம் குறுக்கே நிற்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிவினாடிக்கு சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லிவினாடிக்குக் குறையாது; கேபிள் வளைந்து போகும் பாதையில் இன்னும் கூடும். ஒவ்வொரு கமிட்டும் சென்னையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருந்தால் தரவு இழப்பே இருக்காது. ஆனால் நொடிக்கு லட்சக்கணக்கில் ஆர்டர் வரும் பங்குச்சந்தையில் அது கட்டுப்படியாகாது.

அதனால் மூன்று மையங்கள் என்ற ஏற்பாடு வந்தது. பக்கத்திலேயே ஒரு மையம்; லாக் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே கமிட். தொலைவில் இன்னொரு மையம். அங்கே கொஞ்சம் பின்தங்கி வந்து சேரலாம். பங்குச்சந்தைகளுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகுத்த விதியும் இப்படித்தான்: பேரிடர் மையம் வேறு நில அதிர்வு மண்டலத்தில் இருப்பது நல்லது, முடியாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தேசிய பங்குச்சந்தையின் முதன்மை மையம் மும்பையில், அதன் பேரிடர் மையம், அதாவது டி.ஆர். மையம், சென்னையில்.

ஒரு புதன்கிழமையும் ஒரு சனிக்கிழமையும்

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40-க்கு தேசிய பங்குச்சந்தையில் வர்த்தகம் நின்றது. வழக்கமான 3.30 மணி கடந்தும் திரும்பவில்லை. 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். அதற்குள், அன்றே முடிக்க வேண்டிய கணக்குகளை வைத்திருந்த பலருக்காகப் புரோக்கர்கள் மும்பை பங்குச்சந்தையில் எதிர் ஆர்டர் போட்டு முடித்திருந்தார்கள். டி.ஆர். மையத்துக்கு ஏன் மாறவில்லை என்று செபி விளக்கம் கேட்டது.

பங்குச்சந்தை பிறகு தந்த விளக்கம் இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. முதன்மை மையத்துக்கும் பக்கத்து மையத்துக்கும் இடையிலான சாலையில் நடந்த தோண்டும் வேலையால் தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. முதன்மை மையத்தின் சேமிப்பகம், பக்கத்து மையத்தோடு ஒரே நேரத்தில் எழுதும்படி அமைந்திருந்தது. தரவு ஒரு துளியும் போகக் கூடாது என்பதற்காக. இணைப்பு தடுமாறியதும் அந்தச் சேமிப்பகமே முதன்மை சர்வர்களுக்கு எட்டாமல் போனது. இடர்மேலாண்மை அமைப்பு நின்றது. காப்பாற்றுவதற்காகக் கட்டிய பிணைப்பு வழியாகவே பழுது உள்ளே வந்தது. ஸ்டாண்ட்பை அறுந்தால் பிரைமரி காத்திருக்குமா, தனியாக ஓடுமா என்பதை ஒவ்வொரு டி.பி.ஏ.வும் யோசித்து அமைக்க வேண்டும். யோசித்ததை அறுத்துப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

2021 மார்ச் 22-ல் செபி விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் ‘பேரிடர்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் வேலை மறுபடி நடக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு மேல் தரவு இழப்பு இருக்கக் கூடாது. அந்த முப்பது நிமிட விதிக்குப் பின்னால் ஒரு மனித இயல்பு இருக்கிறது. ‘இதோ சரியாகிவிடும்’ என்று காத்திருந்தே மணிக்கணக்கில் போய்விடும். யார், எப்போது முடிவெடுப்பது என்பதை நல்ல நாளிலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச் 2, சனிக்கிழமை விடுமுறை நாளில் பங்குச்சந்தைகள் திறந்தன. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்தில் வர்த்தகம். 11.30 முதல் 12.30 வரை பேரிடர் மையத்தில். உண்மையான முதலீட்டாளர்கள், உண்மையான பணம். பங்குகளின் விலை ஏற்ற இறக்கத்துக்கு 5 சதவீத வரம்பு போட்டிருந்தார்கள். மே 18-ல் மறுபடி நடத்தினார்கள். ஒரே நாளில், இடைவேளைக்குள், நாட்டின் சந்தையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றி ஓட்டிக் காட்டினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் ஒரு மாதிரி வடிவமாக இருந்த யோசனை, பொதுமக்கள் கண்முன்னே நடந்தது.

பேட்டைக்குச் சொல்ல வேண்டியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பட்டறைகளில் எந்திரங்கள் மூழ்கின. தண்ணீர் வடியவே நாட்கள் ஆயின. மும்பைக்கு நாம் துணை. ஆனால் நமக்கும் ஒரு துணை வேண்டும் என்பதை அந்த வாரம் சொன்னது. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ தொழில் நடத்துபவரின் பில்லிங், சரக்கு, சம்பளம் எல்லாம் இன்று ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. எந்திரம் மூழ்கினால் கழுவி எண்ணெய் விட்டு ஓட்டலாம். யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கு போனால் திரும்பாது.

செலவு இப்போது ஒரு தடையே இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. கோயம்புத்தூரிலோ ஐதராபாத்திலோ ஒரு வாடகை சர்வர் போதும். ஆனால் அமைத்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. ஸ்டாண்ட்பை எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது என்பதைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். லாக் போய்ச் சேராமல் நின்றால் போனில் எச்சரிக்கை வர வேண்டும். ஊழியர் ஒருவர் தவறுதலாக அழித்த அட்டவணை அடுத்த வினாடியே ஸ்டாண்ட்பையிலும் அழிந்துவிடும் என்பதால், தனி பேக்கப்பும் கட்டாயம் வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை ஸ்விட்ச்ஓவர் செய்து, ஒரு முழு வேலைநாளாவது மறுபக்கத்திலேயே ஓட்டி, பிறகு திரும்ப வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் பலர் ஆவடியிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் இளைஞர்கள். வாரக் கடைசி இரவுகளில் விழித்திருந்து இரண்டு எண்களை ஒப்பிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திங்கட்கிழமையை எல்லோருக்கும் திறந்து கொடுக்கிறார்கள். அவர்கள் ஒத்திகை வேண்டும் என்று கேட்டால் முதலாளிகள் ‘ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்’ என்று மறுக்காமல் நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தரவு பத்திரமாக இருக்கிறதா என்று அறிய விரும்பினால், ஸ்டாண்ட்பை இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் அதன்மேல் ஒரு முழு நாள் வியாபாரம் நடந்தது என்று கேளுங்கள். தேதி சொல்ல முடிந்தவர்களிடம் ஸ்டாண்ட்பை இருக்கிறது.